கடலைத்தோல் கரியும் சிவப்புத் தண்ணீரும்

1. முத்தியால்பேட்டையில் சித்தப்பா நடத்திய சாயப் பட்டறையின் சிவப்புக் கழிவுநீர், பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஊறியது.
2. பொங்கலுக்குள் இது நிற்காவிட்டால் மேரியில், அதாவது நகராட்சியில், புகார் கொடுத்துப் பட்டறையை மூடவைப்பேன் என்றார் அந்த வீட்டு அக்கா.
3. வேதியியல் படித்துவிட்டு அங்கேயே வேலை பார்த்த நான், வேர்க்கடலைத் தோலைக் கரியாக்கி அதில் தண்ணீரை வடிகட்டலாம் என்றேன்.
4. முதல் தடவை சாம்பல்தான் கிடைத்தது.

தோலை நிரப்பிய டிரம்மின் காற்றுத் துளைகளை அடைக்கச் சொல்லியிருந்தேன். எங்கள் பாய்லர்காரர் எல்லாவற்றையும் திறந்துவிட்டார். மில்லில் வேலை பார்த்தவர். அங்கே சாம்பலில் கறுப்புத் துண்டு கிடந்தால் மேஸ்திரி திட்டுவாராம்.

"பாரு பாப்பா, ஒரு பொட்டு கறுப்பு இருக்கா?"

"எனக்கு அந்தக் கறுப்புதாண்ணா வேணும்."

"அர கொறையா எரிக்கறதுக்கு நான் எதுக்கு?"

சித்தப்பா சாம்பலைத் தொட்டுப் பார்த்தார். "விபூதிக் கடை போட்டுரலாம்."

அடுத்த டிரம்மின் துளைகளைப் பாய்லர்காரரே களிமண்ணால் பூசினார், புகை போக ஒன்றை மட்டும் விட்டுவிட்டு. வெளியிலிருந்து தீமூட்டி, டிரம் சிவந்து புகை அடங்கியதும், பாய்லரிலிருந்து குழாய் வழியாக நீராவியை உள்ளே விட்டோம். அது கரியைக் குடைந்து கண்ணுக்குத் தெரியாத துளைகளை உண்டாக்கும். ஒரு ஸ்பூன் கரிக்குள் ஒரு சிறு நெல்வயல் அளவு பரப்பு ஒளிந்திருக்கும் என்று படித்திருந்தேன். நம்பிப் படித்தேன் என்று சொல்ல முடியாது.

ஆறிய கரியைப் பொடித்துக் கழுவி, சாயத் தண்ணீரில் கலக்கி, வெள்ளைத் துணியில் வடித்தேன். கண்ணாடி டம்ளருக்குப் பின்னால் என் விரல் ரேகை தெரிந்தது. துணியைப் பிரித்துப் பார்த்தேன். கறுப்பைத் தவிர ஒன்றுமில்லை. மறுபடி ஒரு முறை வடித்தேன். மறுபடியும் அப்படியே.

"செகப்பு எங்க போச்சு?" என்றார் பாய்லர்காரர்.

"கரிக்குள்ள."

"கரி கறுப்பாத்தான இருக்கு!"

தோட்டத்தில் கொட்டிக் கிடந்த தோல், ஒரு தொட்டிச் சிவப்பை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் இருந்தது.

அக்காவை அழைத்துக் காட்டினேன். டம்ளரை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"கண்ணுக்குக் காட்ட இது ஒண்ணா, இல்ல எல்லாத்தையும் வடிச்சுதான் விடுவீங்களா?"

"எல்லாத்தையுங்க்கா."

"நான் தெனம் வந்து பாப்பேன்."

தினம் வருகிறார். கழிவுநீர் முழுவதும் கரித்தொட்டி வழியாகத்தான் போகிறது. கரி நிறத்தை எடுக்கும், சாயம் ஏற்றச் சேர்க்கும் உப்பை எடுக்காது. அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். கிணறு வெளுத்து வருகிறது, இன்னும் குடிக்க முடியாது. அவர் மேரிக்குப் போகவில்லை. பட்டறை நடக்கிறது.