அம்மா ‘வாங்க’ என்று அழைத்த மணி

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. வீடு தேடி வந்து கைப்பிடித்து ஆறுதல் சொன்ன உற்றார் உறவினர் அனைவர் கையிலும் இந்த நினைவு மலரைக் கொடுக்கிறோம். அம்மாவின் வாழ்க்கையை எழுதும் பொறுப்பு ஒரே மகளான எனக்கு வந்தது. எழுத உட்கார்ந்த அன்றே அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு கட்டளை போட்டுவிட்டார்.

“எல்லாத்தையும் எழுது கண்ணு. அந்த நாய மட்டும் எழுதிப்போடாதே. புஸ்தகத்தக் கையில வாங்குற சனம் சிரிக்கும்.”

மாமாவின் பேச்சைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் மணியை விட்டுவிட்டு எழுதினால் அம்மாவின் பிற்காலத்தில் என்னதான் மிஞ்சும்? அதனால் எழுதுகிறேன். அம்மா மணியை ஒருநாளும் ‘அது’ என்று சொன்னதில்லை. நானும் ‘அவர்’ என்றே எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா பிறந்தது குன்னத்தூருக்குப் பக்கத்தில், மழையை நம்பி வெள்ளாமை செய்த குடும்பத்தில். மூத்த பெண். தம்பியை இடுப்பிலேயே வைத்து வளர்த்தவர். அப்பாவைக் கட்டிக்கொண்டு திருப்பூர் வந்தார். அப்பா பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷினில் ஆபரேட்டர். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து அப்பா போய்விட்டார். உட்கார்ந்து அழக்கூட அம்மாவுக்கு நேரமில்லை. கருமாதி முடிந்த கையோடு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனார். தைத்து வரும் பனியன்களில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்த்து ஒதுக்குகிற வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டேதான் செய்ய வேண்டும். அந்தக் கால்வலியில்தான் நான் படித்தேன். அந்தக் கால்வலியில்தான் எனக்குக் கல்யாணமும் நடந்தது.

நான் தாராபுரத்துக்கு வாழ வந்த பிறகு அம்மா தனியானார். போனில், “ராத்திரி என்னம்மா ஆக்கினீங்க?” என்று கேட்டால், “ஒருத்திக்காக என்னத்தக் கண்ணு ஆக்கறது? டீயும் பன்னும் தின்னுட்டேன்” என்பார். அப்போதே சர்க்கரை நோய் தொடங்கிவிட்டது. நடக்கச் சொல்லி டாக்டர் சத்தம் போட்டார். அம்மா அதைக் காதிலேயே வாங்கவில்லை.

ஒரு மழைநாளில், கம்பெனிக்குப் பின்னால் குவித்திருந்த கட்டிங் வேஸ்ட் துணிக்குள் ஒரு செவலை நாய்க்குட்டி நடுங்கிக்கொண்டு கிடந்திருக்கிறது. அம்மா முந்தானையில் சுற்றி வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். அவர்தான் மணி.

அன்றிலிருந்து அம்மாவின் அடுப்பு தவறாமல் எரிந்தது. “மணிக்கு ஆக்கறப்ப நானும் ரெண்டு வாய் தின்னுக்கறேன் கண்ணு” என்றார். விடிந்ததும் மணி கதவைப் பிராண்டுவார், அம்மா செருப்பை மாட்டுவார். டாக்டர் சொல்லி நடக்காதவர் மணிக்காக நடந்தார். போகிற வழியெல்லாம் அம்மாவுக்குப் பழக்கமான ஆட்கள் சேர்ந்தார்கள். அதுவரை தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போன பக்கத்து அறைப் பீகார் தம்பிகள் “மணி பாய், மணி பாய்” என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டபடி வாசலில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். போனில் அம்மாவின் குரலே மாறியிருந்தது. இடையிடையே சிரித்தார். அப்பா இருந்தபோது கேட்ட சிரிப்பு அது.

வீட்டுக்காரர், “நாய் வேணுமுன்னா வேற ஊடு பாத்துக்கங்க” என்று சொன்னதும், அம்மா மறுபேச்சில்லாமல் தட்டுமுட்டுச் சாமான்களை மூட்டை கட்டினார். புதிய இடம் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. சித்திரை வெயிலில் வெந்துபோகும். பீகார் தம்பிகளும் பின்னாலேயே அந்த அறை வரிசைக்குக் குடிவந்தார்கள். மாமாவுக்குக் கோபமான கோபம். “நாய்க்காக ஊடு மாத்துற பொம்பளைய இப்பத்தான் பாக்கறேன்!” என்று குதித்தார். “மாத்துனது ஊட்டத்தானே தம்பி, போனாப் போகுது” என்றார் அம்மா.

நாங்கள் எல்லாருக்கும் ‘ங்க’ போட்டுப் பேசுகிறவர்கள்தான். ஆனாலும் நாய்க்கு யாரும் போடுவதில்லை. “ஏனுங்க மணி, கோவமா? வாங்க, சாப்புடுங்க” என்று அம்மா கெஞ்சுவதைக் கேட்டு ஒருமுறை நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

“உங்கப்பாவும் போயி, நீயும் தாராபுரம் போனதுக்கப்புறம் இந்த ஊட்டுக்குள்ள நான் பேசற ஆளு இவரு ஒருத்தருதான் கண்ணு. இவரையும் வாடா போடான்னு சொல்லிப்போட்டா, அப்புறம் வாங்கன்னு நான் யாரச் சொல்றது?”

அதற்குப் பிறகு அதைப் பற்றி நான் கேலி பேசியதே இல்லை.

சர்க்கரை கடைசியில் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் அம்மா கேட்டது மருந்தையோ வலியையோ அல்ல. “மணி சாப்டாங்களா?” என்பதுதான். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட, அந்தத் தகர அறைக்கே கூட்டி வந்தோம். மணி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். “மணிய விட்டுறாதீங்க கண்ணு” என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். சில நாளில் அந்தப் பிடி தளர்ந்துவிட்டது. அய்யோ, என் அம்மா! பெற்ற கடனுக்கு ஒரு மாதமாவது உட்கார வைத்துச் சோறு போட எனக்குக் கொடுத்து வைக்கவில்லையே.

துக்கத்துக்குச் செக்கிங் பெண்கள் கம்பெனி வேனில் வந்து இறங்கினார்கள். மாலை போட்டுவிட்டு ஒருவர் என்னிடம் வந்து, “மணி எங்கீங்க? பாவம், பையன் எப்படித் தாங்கறாரு?” என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு கட்டிலுக்கு அடியைக் காட்டினேன். குனிந்து பார்த்தவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அய்யோ சாமி! மணி சாப்புடுலீங்க, மணிக்குக் காச்சலுங்கன்னு லீவு கேப்பாங்களே. நாங்க பையன்னுல்ல நெனச்சுப்போட்டோம்!”

சாவு வீட்டில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு நாங்கள் அழுத அழுகை இருக்கிறதே, அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தூரத்தில் நின்ற மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மணியைத் தாராபுரம் கூட்டி வந்தேன். சோறு வைத்தால் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. “வாடா, தின்னுடா” என்று என் கணவரும் மகளும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அம்மாவிடம் கொடுத்த வாக்கு கண்ணெதிரே வற்றிக்கொண்டிருந்தது. என் கணவர்தான், “உங்கம்மா எப்படிக் கூப்பிடுவாங்களோ, அப்படிக் கூப்பிட்டுப் பாரேன்” என்றார்.

தரையில் உட்கார்ந்தேன். “ஏனுங்க மணி, வாங்க, சாப்புடுங்க” என்றேன். மணி தலையைத் தூக்கி என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து வந்து தட்டில் வாய் வைத்தார். அம்மா போனபின் எனக்கும் அன்றுதான் சோறு தொண்டையில் இறங்கியது.

இப்போது விடியற்காலையில் என்னை எழுப்பி வெளியே இழுத்துப் போவதும் அவர்தான். அவர் இல்லாதிருந்தால் இந்த ஒரு வருடத்தை நான் எப்படித் தள்ளியிருப்பேன் என்று தெரியவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அம்மாவைக் கைத்தாங்கலாகத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி, நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மணிக்கும் சோறு வைத்த பீகார் தம்பிகளுக்கு, சொந்தச் சகோதரியை இழந்ததுபோல் அழுத செக்கிங் பெண்களுக்கு, முகம் சுளிக்காமல் பார்த்த நர்ஸம்மாக்களுக்கு, முதல் ஆளாய் வந்து கடைசி ஆளாய்ப் போன சொந்தபந்தங்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இதுவரை எழுதியதை, தாராபுரம் வந்திருந்த மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலில் படுத்திருந்த மணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கீழ நம்ம பேரெல்லாம் போடுவியல்லோ?”

“ஆமாங்க மாமா.”

“அதோட அவன் பேரையும் போடு. நாமெல்லாம் அக்காளப் பாக்க வந்துட்டு வந்துட்டுப் போன ஆளுக, கண்ணு. கூட இருந்தவன் அவன் ஒருத்தன்தான்.”

ஆறாத துயருடன்,
மகள், மருமகன், பேத்தி,
தம்பி குடும்பத்தார்,
மணி.