கால்விரல் சிஸ்டர்

எங்கள் வார்டில் அவருக்குக் கால்விரல் சிஸ்டர் என்று பெயர். கேலிக்காக வைத்த பெயர்தான்; அவரோ பட்டம் கிடைத்த மாதிரி அதை வாங்கிக்கொண்டார். நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

ஒரு கட்டிலுக்குப் போனால் அக்கா முதலில் முகத்தைப் பார்க்கமாட்டார். போர்வையின் கால்பக்க நுனியை விலக்குவார். முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்ள எல்லாருக்கும் தெரியும், கால்விரலைச் சரிசெய்ய யாருக்கும் ஞாபகம் வராது என்பது அவர் கட்சி. விரல்கள் மடங்கி இறுகியிருந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவார். மிச்ச வேலை எங்கள் தலையில் விழும். அதற்காக அவரை முணுமுணுத்துத் திட்டியவர்களில் நானும் ஒருத்தி.

எங்களுக்கு அதெல்லாம் எதற்கு? படிவம் இருந்தது. மன அழுத்தம் எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண். கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டே கேட்போம். பதில் வருவதற்குள் பேனா தயாராக இருக்கும். மனைவி பக்கத்தில் நிற்கும்போது எந்த மனிதர் பத்து என்று சொல்வார்?

பித்தப்பைக் கல்லுக்காக ஒரு பஸ் டிரைவர் சேர்ந்திருந்தார். நான் கேட்டதற்கு எண் எதுவும் சொல்லவில்லை, மனைவியைப் பார்த்துச் சிரித்தார். பூஜ்யம் போட்டேன். என் பூஜ்யத்தைப் பார்த்து அடுத்த ஷிஃப்டும் பூஜ்யம் போட்டது, அதைப் பார்த்து அதற்கடுத்த ஷிஃப்டும். அப்பட்டமான ஈயடிச்சான் காப்பி. நாடித்துடிப்பு நூறைத் தாண்டியிருந்ததற்கு, மாடிப்படி ஏறி வந்திருப்பார் என்று காரணமும் நானே கண்டுபிடித்தேன். மூன்று நாளாகவா ஒரு மனிதர் படி ஏறிக்கொண்டிருப்பார்?

ஆபரேஷன் அன்று காலை தள்ளுவண்டி வந்து நின்றது. நோயாளி மனதளவில் தயார் என்ற கட்டத்தில் நர்ஸ் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி நகரும். அன்று பொறுப்பு அக்காவுக்கு. வழக்கம்போல் போர்வையை விலக்கினார். விரல்கள் மடங்கி, நகமெல்லாம் வெளுத்திருந்தன. மனைவியைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்தார். எண் எதுவும் கேட்கவில்லை.

"அண்ணே, உள்ளே போனதும் எதை நினைச்சா பயமா இருக்கு?"

வண்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், நான் வண்டிக்காரரைப் பார்த்தேன். டிரைவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு வாயைத் திறந்தார்.

"போன தடவை குடல்வால் ஆபரேஷன்ல பாதியில முழிப்பு வந்துடுச்சு சிஸ்டர். கை அசையல, வாய் வரல. கத்தி போறது தெரிஞ்சுது. சொன்னேன். கனவு கண்டிருப்பீங்கன்னுட்டாங்க."

அதற்கப்புறம் அவர் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. அக்கா கையெழுத்துக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு மயக்க மருந்து டாக்டருக்குச் சொல்லி அனுப்பினார்.

அதற்குள் சர்ஜன் மேலே வந்துவிட்டார். அடுத்தடுத்து ஐந்து ஆபரேஷன் காத்திருக்கிறது என்று எரிந்து விழுந்தார். படிவத்தில் மூன்று நாளாகப் பூஜ்யம் இருக்கிறதே, இப்போது என்ன புதுசாக என்று கேட்டார். அக்கா ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

"அது நாங்களா போட்ட பூஜ்யம் சார். மயக்க மருந்து டாக்டர் வந்து இவர்கிட்ட பேசட்டும். அதுவரைக்கும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

வேறு நர்ஸைப் போடச் சொல்வேன் என்று சர்ஜன் என் பக்கம் திரும்பினார். நானும் மாட்டேன் என்று தலையாட்டினேன். பேனாவைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மயக்க மருந்து டாக்டர் வந்தார். அபூர்வமாக அப்படி நடப்பதுண்டு, நீங்கள் சொல்வதை நம்புகிறேன் என்றார். இந்தத் தடவை மயக்கத்தின் ஆழத்தைக் காட்டும் கருவியை நெற்றியில் ஒட்டிவைப்பதாகவும், தானே பக்கத்தில் நிற்பதாகவும் சொன்னார். மடங்கிய விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அக்கா கையெழுத்துப் போட்டார். மாலையில் கண் விழித்த டிரைவர், ஒன்றுமே தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

அடுத்த வாரம் அக்காவுக்கு மெமோ வந்தது. இரண்டு மணி நேரத் தாமதத்துக்கு விளக்கம் வேண்டுமாம். நோயாளி பயந்திருந்தார், ஏன் என்று கேட்டேன் என்று ஒரே வரி எழுதினார். கடைசியில் வருந்துகிறேன் என்று சேர்த்துவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று மேட்ரன் நயமாகச் சொல்லிப் பார்த்தார்.

"வருத்தமே இல்லையே மேடம், எப்படி எழுதறது?" என்றார் அக்கா.

நான் அந்தத் தாளை வாங்கி, அவர் கையெழுத்துக்குக் கீழே எழுதினேன்: நோயாளி சொல்லாத பூஜ்யத்தை முதலில் போட்டவள் நான். வருந்துகிறேன்.