மூன்றாம் எபிசோடில் அப்பா

என் அப்பா இறந்து ஏழாவது மாதத்தில் கடத்தல்காரர் ஆனார். ஆக்கியவள் நான்தான். படித்துப் பார்க்காமல் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு ஆக்கினேன்.

தூத்துக்குடியில் கடல் வழியாகச் சரக்குக் கடத்தும் ஒரு குடும்பத்தைப் பற்றி யாரோ தொடர் எடுத்தார்கள். அந்தக் குடும்பத்தின் வீடாகக் காட்ட மில்லர்புரத்தில் உள்ள எங்கள் வீட்டை நான்கு நாட்களுக்குக் கேட்டார்கள். சென்னையிலிருந்து வந்த மேனேஜர் பையன் வாசலில் நின்றபடியே, "மேடம், உங்க ஹால் செட்டு போட்டாக்கூட இப்படி வராது" என்றான். சுண்ணாம்பு உதிர்ந்த சுவரை ஒருவன் புகழ்கிறான், எனக்கு வாயெல்லாம் பல். நாற்பத்திரண்டு வயதில் எனக்கு வந்த ஆசையை நினைத்தால் இப்போது கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஹாலில் அப்பாவின் படம் இருந்தது. பதினாறாம் நாள் மாட்டியது. மாலை, சந்தனப் பொட்டு, மேலே ஒரு சிவப்பு சீரோ வாட்ஸ் பல்பு. நான்கு நாளைக்குக் கழற்றி உள்ளே வைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"வருஷம் திரும்புறதுக்குள்ள படத்த எறக்கப்பிடாது. அவரு இங்கனதான் இருக்காரு. எவன் வந்தாலும் அவரு இருந்துக்கிடட்டும்" என்றாள் அம்மா.

மேனேஜர் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். "இருக்கட்டும் மேடம். ஓரமாத்தான் வரும், யாரும் கவனிக்க மாட்டாங்க" என்றான். நான்கு பக்கக் காகிதத்தை நீட்டினான். ஃபிரிட்ஜ் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவனுக்குக் காபி போடும் அவசரம் எனக்கு. அந்த நான்கு நாளும் காலையில் அம்மா படத்துக்குச் சந்தனம் வைத்ததும் எங்களைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கையெழுத்தின் அருமை தெரியாத வீட்டில் நான் பிறக்கவில்லை. அப்பா துறைமுகத்தில் ஒரு தனியார் கம்பெனியின் டாலி கிளார்க். கப்பலில் ஏறுவதையும் இறங்குவதையும் எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது வேலை. ஒரு நாள் ஒரு கண்டெய்னரின் சீல் உடைந்திருந்தது. உடையவில்லை என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அப்பா மாட்டேன் என்றார். சத்தம் போடவில்லை, யாரிடமும் புகார் சொல்லவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

மறுவாரமே ஊருக்கு வெளியே இருந்த ஒரு குடோனுக்கு அவரைத் தூக்கிப் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை பதினோரு வருடம் அங்கேதான். கூட வேலை பார்த்தவர்கள் அவரோடு நின்று டீ குடிப்பதைக்கூட விட்டுவிட்டார்கள். அவரோடு நின்றால் தங்களுக்கும் குடோன்தான் என்ற பயம். அவர் இறந்த அன்று, கம்பெனி ஆட்கள் வருவார்கள் என்று இரண்டு வரிசை நாற்காலி அதிகமாகப் போட்டோம். ஒருத்தர்கூட வரவில்லை. அன்று அம்மா அழுததைவிட வாசலை எட்டிப் பார்த்ததுதான் அதிகம்.

தொடர் ஓடிடியில் வெளிவந்தது. முதல் இரண்டு எபிசோடில் எங்கள் மாடிப்படியும் பாத்திரம் கழுவும் இடமும் வந்தன. மூன்றாவதில் அப்பா வந்தார். ஓரமாக வரவில்லை, நட்டநடுவில் வந்தார்.

கதைப்படி அந்தக் கடத்தல் கூட்டத்தை உருவாக்கிய பெரியவர் அவர். செத்துப்போனவர். மகன் ஜெயிலிலிருந்து வருகிறான். வெள்ளை வேட்டி கட்டிய நாற்பது பேர் எங்கள் ஹாலிலும் வராந்தாவிலுமாக நிற்கிறார்கள். மகன் படத்தின் முன்னால் போய், அப்பா விட்ட தொழிலைக் கடைசிவரை நடத்துவேன் என்று சத்தியம் செய்கிறான். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். கேமரா மெதுவாக மேலே ஏறி அப்பாவின் கண்ணில் போய் நிற்கிறது. ஷூட்டிங் அன்று காலையில் அம்மா வைத்த சந்தனம்கூடக் காயாமல் இருக்கிறது.

ஏரலில் கடை வைத்திருக்கும் சித்தப்பாதான் முதலில் போன் செய்தார். "ஏளா, எங்க அண்ணன் எந்தக் கப்பல்லளா கள்ளச் சரக்கு ஏத்துனாரு? கடைக்கு வாரவன் எல்லாம் கேக்கான். கேட்டுட்டுச் சிரிக்கான். நான் என்னத்தச் சொல்லட்டும்?"

நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒருவன் என்னைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டான். "டான் வீட்டுப் பிள்ளை வாராவ, வழி விடுங்கலே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். எல்லாவற்றையும்விட எரிச்சலைக் கிளப்பியது, அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் அனுப்பிய செய்தி. "எபிசோடு பார்த்தேன். அண்ணாச்சி கெத்தா இருக்காங்க" என்று எழுதியிருந்தார். சாவுக்கு எட்டிப் பார்க்காத மனுஷன். கையெழுத்துப் போட மறுத்த அண்ணாச்சிக்கு வராத மரியாதை, கடத்தல்கார அண்ணாச்சிக்கு வீடு தேடி வருகிறது.

அம்மா பார்க்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். ஒரு நாள் மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"ஏளா, இங்கன வா. அப்பாவ எத்தன பேரு கும்பிடுதாவன்னு பாரு."

"அம்மா, அது நடிப்பு. அப்பாவக் கடத்தல்காரருன்னு காட்டுதாவ. அதுவாவது புரியுதா உனக்கு?"

"கதை புரியாமலா பாக்கேன்? புரியுது. இருந்தாலும் கும்பிடுதாவல்ல" என்றாள்.

பிறகு அது தினப்படி ஆனது. மதியச் சாப்பாடு முடிந்ததும் அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் போட்டுப் பார்ப்பாள். பார்த்துவிட்டு அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். பக்கத்து வீட்டு அக்காதான் எனக்கு இதைச் சொன்னாள். வாழ்நாள் முழுக்க எதைச் செய்ய மாட்டேன் என்று நின்றாரோ, அதையே செய்தவராக அவரைக் காட்டுகிறார்கள், அதைப் போய் இவள் ரசித்துப் பார்க்கிறாள் என்று அவள்மீதுகூடக் கோபம் வந்தது.

மேனேஜருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவன் பதிலுக்கு என் கையெழுத்தைப் படம் எடுத்து அனுப்பினான். வீட்டில் உள்ள எந்தப் பொருளையும் எப்படி வேண்டுமானாலும் காட்டலாம் என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அப்பா ஒரு பொருள். நான் விடவில்லை. போலீசுக்குப் போவேன் என்றேன், பத்திரிகைக்குப் போவேன் என்றேன். பத்து நாள் கழித்து இறங்கி வந்தான். "காட்சியக் கட் பண்ண முடியாது மேடம். வேணும்னா முகத்த மறைச்சுடறோம். எழுதி ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்புங்க."

இந்த முறை ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அப்பாவின் மகளாக ஏதோ செய்துவிட்டேன் என்று பெருமையாகக்கூட இருந்தது. அம்மாவைக் கேட்கவில்லை. அப்பாவின் பெயருக்காகத்தான் செய்தேன் என்பது பாதி உண்மை. அலுவலகத்தில் சிரிப்பு நிற்க வேண்டும் என்பது மீதிப் பாதி.

அடுத்து வந்த ஒரு விடுமுறை நாளில் நானும் வீட்டில் இருந்தேன். சாப்பிட்டு முடித்து அம்மா வழக்கம்போல டிவியைப் போட்டாள். நாற்பது பேரும் வந்து நின்றார்கள், கும்பிட்டார்கள். கேமரா மேலே ஏறியது. மாலை இருந்தது, சிவப்பு பல்பு எரிந்தது. நடுவில் முகம் இருந்த இடத்தில், செய்தியில் பிடிபட்டவனுக்குச் செய்வார்களே, அதுபோல ஒரு கலங்கல்.

அம்மா எழுந்து போய் முந்தானையால் டிவியைத் துடைத்தாள். திரும்ப ஓடவிட்டாள். திரும்பவும் துடைத்தாள். சுவரில் இருந்த படத்தை ஒரு முறை பார்த்தாள்.

"டிவி கெட்டுப்போச்சாளா?"

"இல்லம்மா. நாந்தான் முகத்த மறைக்கச் சொன்னேன்."

"எழுதிக் குடுத்தியா?"

"ஆமா."

"கையெழுத்தும் போட்டியா?"

"போட்டேன்."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவரு கையெழுத்து போடாததுனால ஒருத்தரும் வரல. நீ போட்டு, வந்தவங்களையும் திருப்பி அனுப்பிட்டியேளா" என்றாள்.