கருமணல் அலசிய மாமா

கல்வராயன் மலையில் மழை பெய்தால் எங்கள் ஊர் ஓடையில் செந்நீர் இறங்கி வரும். வடிந்த பிறகு வளைவுகளில் மை கொட்டியதுபோலக் கருமணல் ஒதுங்கிக் கிடக்கும். நாங்கள் யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. பெங்களூரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடது கை தூக்க வராமல் ஊர் திரும்பிய மாமாதான் பொருட்படுத்தினார்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வீட்டிலிருந்த பூச்சிமருந்தை அம்மா பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தாள். ஏனென்று ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் செல்போனில் எதையோ பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"அக்கா, கருமணல் இருக்குற எடத்துல தங்கமும் இருக்குமாம். ரெண்டும் கனம் ஜாஸ்தி. தண்ணி இழுத்துக்கினு போவாது, ஒண்ணாத் தங்கிடும்."

மறுநாளே ஓடையில் இறங்கினார். ஒற்றைக் கையால் தாம்பாளத்தைச் சுழற்றுவார். வெள்ளை மணல் நீரோடு வழிந்துவிடும். கருப்பு அடியில் தங்கும். அதைக் காயவைத்து, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை மேலே ஓட்டினால் கருமணல் மீசை மீசையாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் மிஞ்சுவதில்தான் தங்கம் என்றார். மிஞ்சியதெல்லாம் காக்காப்பொன், நசுக்கினால் செதிலாக உதிர்ந்தது. ஒரு மாதம் போனது. மாமா மறுபடி சுவர் பக்கம் திரும்பிப் படுத்தார்.

அன்று மத்தியானம் அம்மா கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து, மூக்குத்தியைக் கழற்றி, அரிவாள் தீட்டும் அரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தாள். உதிர்ந்த தூளைக் காய்ந்திருந்த கருமணலில் கலந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, "வாயத் தொறந்த, அவ்ளோதான்" என்றாள்.

மறுநாள் காலையில் அவளே மாமாவை எழுப்பி உட்காரவைத்தாள். காந்தம் ஓட்டிய தட்டில் மஞ்சள் மின்னியது. மாமா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அம்மாவும் சிரித்துவிட்டுக் களை எடுக்கப் போனாள்.

"மொதல்ல ஒனக்குத்தான் கம்மல்" என்றார் மாமா என்னிடம்.

அது நியாயமாகப் படவில்லை எனக்கு. "அது அம்மா மூக்குத்தி மாமா. அரத்துல தேய்ச்சுப் போட்டாங்க. அவங்களுக்கே குடுத்துடு."

மாமா தூளைக் காகிதத்தில் மடித்தார். மடிப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "எங்கிட்ட சொன்னது அம்மாவுக்குத் தெரிய வேணாம்" என்றார்.

அதன்பின் எட்டு நாள் விடாமல் ஓடைக்குப் போனார். சாயங்காலம் வந்து, "இன்னிக்குக் கம்மிதான்க்கா, நாளைக்கு இன்னும் மேல போய்ப் பாக்குறேன்" என்பார். அம்மா போட்ட சோற்றை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். ஒன்பதாம் நாள், திருப்பூரில் வாட்ச்மேன் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லி, காகித மடிப்பை அம்மா கையில் வைத்துவிட்டுச் சின்னசேலம் பஸ் ஏறினார்.

பொங்கல்வரை போன் வந்தது. பிறகு அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. திருப்பூர்வரை தேடிப்போன அப்பா தனியாகத் திரும்பி வந்தார்.

மாமா பெரிய ஆற்றில் தங்கம் எடுக்கப் போயிருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓடையில் ஒன்றுமில்லை என்று தனக்கே தெரிந்த பிறகும் அந்த எட்டு நாள் அவர் யாருக்காக மணல் அலசினார் என்பது எனக்கு விளங்கவில்லை.