ஏழு எண்ணும் வரை

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த என் சித்தப்பா மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை விடுப்பில் பாகூருக்கு வருவார். அவர் வந்து இறங்கிய அன்றைக்கே எங்கள் வீட்டுக்குச் ‘சொல்தா வூடு’, அதாவது சிப்பாய் வீடு, என்று பெயர் மாறிவிடும். திரும்பிப் போன மறுநாள் அது பழையபடி ஏரிக்கரைத் தெருவின் கடைசி வீடு. இடைப்பட்ட ஒரு மாதத்தில் ஊர் எங்களுக்குக் கொடுத்த மரியாதையைப் பார்த்தால், குடும்பமே திரண்டு போய் பிரான்சைக் காப்பாற்றிவிட்டு வந்தது போலத் தோன்றும்.

எனக்குப் பன்னிரண்டு வயதான கோடையில் அவர் பெட்டியைத் திறந்தபோது சோப்பும் செண்டும் வந்தன. பெரியப்பாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை வந்தது. அது மே மாதம். பெரியப்பா மரியாதைக்காக அதை ஒரு முறை போட்டுக் காட்டிவிட்டு விசிறியைத் தேடினார். கடைசியாகப் பெட்டியின் அடியிலிருந்து உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைச் சாதனத்தைச் சித்தப்பா எடுத்தார்.

“கார் ரேஸ்” என்றார்.

“இன்னா தம்பி, தீப்பெட்டிக்குள்ள காரா?” என்றார் பெரியம்மா.

ஏறக்குறைய அப்படித்தான். அதில் ஒரு சின்னக் கண்ணாடி, கண்ணாடிக்குள் சிவப்பு வெளிச்சக் கோடுகள். கீழே இருக்கும் கோடு நம் கார். மேலிருந்து இறங்கி வருகிற கோடுகள் எதிரே வரும் கார்கள். கட்டைவிரலால் ஒரு குமிழைத் தள்ளி ஒதுங்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு காரைத் தாண்டினால் ‘டிக்’ என்று ஒலிக்கும். மோதினால் ‘டொய்ங்’ என்று நீளமாக ஒரு சத்தம், அத்தோடு ஆட்டம் முடிந்தது. எத்தனை கார் தாண்டினோம் என்கிற எண் அப்போதுதான் தெரியும்.

பகல் வெளிச்சத்தில் அந்தக் கோடுகள் கண்ணுக்குப் புலப்படாது. அதனால் நெல் மூட்டை அடுக்கியிருக்கும் சன்னலில்லாத அறைதான் எங்கள் பந்தயச் சாலை. பாட்டரி புதுச்சேரியில் ஒரே ஒரு ரேடியோ கடையில்தான் கிடைத்தது என்பதால், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கு ஓர் ஆட்டம் என்று சித்தப்பா சட்டம் போட்டார். ஆட்டம் முடிந்ததும் பெரியம்மா பாட்டரியைக் கழற்றி, டார்ச் லைட் கட்டைகளோடு சேர்த்து முற்றத்து வெயிலில் காயவைப்பார். வெயில் பட்டால் அதற்குத் தெம்பு வரும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். பெரியம்மா விடவில்லை.

ஆடியது இரண்டே பேர். நானும் பெரியப்பா மகளும். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். என்னைவிட ஒரு வயது சின்னவள். நான் வகுப்பில் முதல். அவளுக்கு ஊரே வைத்த பெயர் ‘பராக்கு’. சோற்றுத் தட்டின் முன்னால் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். கிணற்றடியில் குடம் நிரம்பி வழியும், அவள் கயிற்றைப் பிடித்தபடி நிற்பாள். “வாய மூடுடி, ஈ பூந்துடப் போவுது” என்பார் பெரியம்மா. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பிரம்பை எடுத்துவிடுவார்.

ஆனால் அந்தக் குமிழில் அவள் கட்டைவிரல் பட்டால் வேறு ஆள் ஆகிவிடுவாள். முதல் வாரத்தில் நான் நாற்பதைத் தாண்டவில்லை, அவள் அறுபதில் இருந்தாள். எனக்கு அது பொறுக்கவில்லை. யோசித்துப் பார்த்து ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். கோடுகள் நெருக்கமாக வரும்போது யாரும் மோதுவதில்லை. நடுவில் நாலைந்து கார்கள் இடைவெளி விட்டு, சோம்பலாக வரும் இடம் ஒன்று உண்டு. அங்கேதான் மனசு நழுவும். என் மனசு நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய், என் பெருமையைப் பையன்களிடம் சொல்லிக்கொண்டிருக்கும். ‘டொய்ங்’ கேட்ட பிறகுதான் நெல் அறைக்குத் திரும்பும். சுலபமான இடம் வந்தால் பல்லைக் கடித்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். எண்பதுக்குப் போனேன்.

விடுப்பு முடிய ஒரு வாரம் இருக்கும்போது சித்தப்பா அறிவித்தார். “கடைசி நாளு வரைக்கும் யாரு ஒசத்தி நம்பர் எடுக்கறாங்களோ, மிஷின் அவங்களுக்கு. அலே, அலே!” என்று பிரெஞ்சில் முடுக்கினார்.

பெரியப்பா மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “மிஷின் அண்ணாவே வெச்சிக்கட்டும் சித்தப்பா. நான் ஜெயிச்சா என்ன யாரும் பராக்குன்னு சொல்லக் கூடாது. ஸ்கூலுக்கும் வந்து நீங்களே சொல்லிட்டுப் போவணும்.”

சித்தப்பா சிரிக்கவில்லை. “யூனிபாரம் போட்டுனே வந்து சொல்றன்” என்றார்.

அன்று சாயங்காலம் அவள் என்னிடம் வந்தாள். “அண்ணா, நான் ஆடும்போது பக்கத்துல ஒக்காந்துக்க. நான் பராக்கு பாத்தா தொடைல தட்டிவுடு.”

“நான் எதுக்குடி தட்டணும்? நீ தோத்தா எனக்குத்தான நல்லது?”

“நீ தட்டுவ” என்றாள்.

தட்டினேன். ஐந்து நாள் உண்மையாகத் தட்டினேன். அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தேன். அவளுடைய பராக்கில் இரண்டு ரகம் இருந்தது. ஒன்று, என்னுடையதைப் போன்றது. கண் கொஞ்சம் தளரும், தட்டினால் “ம்” என்று சிலிர்த்துக்கொண்டு ஆட்டத்துக்குள் திரும்பிவிடுவாள். மற்றது எப்போதாவதுதான் வரும். வாய் லேசாகத் திறக்கும், இமைகள் துடிக்கும். தட்டினாலும் திரும்ப மாட்டாள். ‘டொய்ங்’ சத்தம் போட்டு ஆட்டம் முடிந்த பிறகும் அதே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவை நான் எண்ணிப் பார்த்தேன். ஏழு. பிறகு திடீரென்று, “ஐயோ, மோதிடுச்சா? எப்ப மோதுச்சு?” என்பாள்.

“தட்டினேனே, ஒறைக்கலியா?”

“தட்டுனியா?” என்று தொடையைத் தடவிப் பார்ப்பாள்.

நடிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாள் கிள்ளினேன். நன்றாகவே கிள்ளினேன். அப்போதும் ஏழு எண்ணும் வரை அசையவில்லை. இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அவள் தோற்கும் இடம் எனக்கு மட்டும் தெரியும் என்பதில் ஒரு சுகம் இருந்தது.

கடைசி நாள் என் ஆட்டம் முதலில். பல்லைக் கடித்துக்கொண்டு தொண்ணூற்றொன்று எடுத்தேன். சித்தப்பா என்னைத் தோளில் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு அவள் உட்கார்ந்தாள். பெரியப்பா, பெரியம்மா, அம்மா எல்லோரும் நெல் மூட்டைகள் மேல். நான் அவள் பக்கத்தில்.

“அண்ணா, பாத்துக்க” என்றாள்.

அப்படி ஓர் ஆட்டத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அவள் விரல் நகர்வதே தெரியவில்லை. டிக், டிக், டிக். நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். எழுபது தாண்டியது. எண்பது தாண்டியது. பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எண்பத்து மூன்றில் அந்தச் சோம்பலான இடம் வந்தது. எண்பத்தைந்தில் அவள் வாய் லேசாகத் திறந்தது.

எந்த ரகம் என்று பார்க்க நான் காத்திருக்கவில்லை. தட்ட வேண்டிய கையை என் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டேன். அது தெரியாமல் நடந்ததல்ல. கை தானாகத் தட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தேன்.

டிக். டொய்ங்.

கண்ணாடியில் எண்பத்தாறு என்று வந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏழு எண்ணினேன்.

“ஐயோ” என்றாள் அப்புறம். “போச்சா?”

“இன்னாடி, கெட்டிக்காரி மாதிரி வந்து கடசீல கோட்ட வுட்ட? அங்கயும் பராக்கா?” என்றார் பெரியம்மா. அவர் குரலில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். “நீ தட்டலியாடா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். “அண்ணா தட்டுச்சு சித்தப்பா. எனக்குத்தான் ஒறைக்கல.”

எனக்காகப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். இவ்வளவு நல்லவளாக இருக்கிறாளே என்று அவள் மேல் எரிச்சல்கூட வந்தது. மிஷினை வாங்கிக்கொண்டேன். மறுநாள் சித்தப்பா மெட்ராஸ் பஸ் ஏறினார். பள்ளிக்கூடத்துக்கு யாரும் யூனிபாரம் போட்டுக்கொண்டு வரவில்லை. பராக்கு என்ற பெயர் மேலும் இரண்டு வருஷம் அவளோடு இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து அடுப்பிலிருந்து கஞ்சி இறக்கும்போது அவள் காலில் கொதிகஞ்சி கொட்டியது. அவள் கத்தவில்லை. பானையைச் சாய்த்தபடியே நின்றுகொண்டிருந்தாள். அதைப் பார்த்துக் கத்தியது பெரியம்மா. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். நானும் பை தூக்கிக்கொண்டு போனேன். காலுக்குக் கட்டுப் போட்ட டாக்டர் விவரம் கேட்டுவிட்டு, வேறொரு டாக்டரிடம் அனுப்பினார். அந்த அம்மாள் இது வலிப்பில் ஒரு வகை என்றார். கை கால் இழுக்காது, விழ மாட்டார்கள். கொஞ்ச நேரம் நினைவு மட்டும் இருக்காது.

“எவ்ளோ நேரம் இருக்கும்? தொட்டுக் கூப்பிட்டா திரும்பறாளா? யாராவது கவனிச்சிருக்கீங்களா?”

பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா அழுதுகொண்டிருந்தார். ஏழு எண்ணும் நேரம், கிள்ளினாலும் தெரியாது என்று சொல்லக்கூடியவன் பையோடு கதவருகில் நின்றான். எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்ற பயத்தில் பேசாமல் இருந்தான். பதில் சொன்னதும் அவள்தான். “அண்ணா தட்டுனாகூடத் தெரியாது டாக்டர். ஒருதரம் அதனாலதான் ரேஸ்ல தோத்துட்டேன்.”

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “பரவால்லியே, நீதான் நல்லா கவனிச்சிருக்க” என்றார்.

நாலு வருஷம் மாத்திரை சாப்பிட்டாள். வயது ஏற ஏற அது அவளை விட்டுப் போய்விட்டது. படித்தாள், தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டாள். இப்போது அரியூரில் இருக்கிறாள். நாற்பது வயதுக்கு மேல் ஸ்கூட்டர் கற்றுக்கொண்டு, வில்லியனூர்ச் சந்தைக்கு அவளே ஓட்டிப் போகிறாள். பின்னால் உட்கார எனக்குத்தான் பயம். மிஷினை அவள் கல்யாணத்தின்போது கொண்டுபோய்க் கொடுத்தேன். “நீ ஜெயிச்சதுண்ணா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அது என் அலமாரியில் கிடக்கிறது.

முப்பத்துநாலு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். பாடத்தின் நடுவே எங்கோ போய்விடும் பிள்ளையைப் பார்த்தால் அருகில் போய்த் தோளில் தட்டுவேன். திரும்பினால் சரி, பாடம் தொடரும். திரும்பாத பிள்ளைகள் இருவரை அத்தனை வருஷத்தில் பார்த்தேன். அவர்கள் வீட்டுக்கு நானே சைக்கிளில் போனேன். ‘நல்ல வாத்தியார்’ என்றார்கள்.

போன தையில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் பேரன் டிவியில் கார் ரேஸ் ஆடிக்கொண்டிருந்தான். அவன் சுவரில் மோதியதும் அவள் சிரித்தாள். “பக்கத்துல ஒரு ஆளு வேணும்டா தட்டறதுக்கு. எனக்குத் தாத்தா இருந்தாரு” என்று என்னைக் காட்டினாள். எழுந்துபோய் எனக்குக் காபி கொண்டுவந்தாள்.

எனக்காகப் பொய் சொன்னாள் என்று அன்று நெல் அறையில் நினைத்தேன் அல்லவா. அவள் பொய் சொல்லவில்லை. அந்த ஏழு எண்ணிக்கை அவளிடம் இல்லை. அதற்குள் என்ன நடந்திருக்கும் என்று அவளாக ஒன்றை வைத்து நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. அண்ணன் தட்டியிருப்பான் என்று நிரப்பிக்கொண்டாள். அவளுக்கு வேறு எதுவும் தோன்றவே இல்லை.