மேட்டுத்தெருவுக்கு அடியில் ஒரு வீடு

தண்ணீருக்காக அடைக்கலமேரி போடாத சண்டை இல்லை. கறம்பக்குடிப் பக்கம் அவள் வாழ்க்கைப்பட்டு வந்த ஊரில் எல்லாத் தெருவுக்கும் குழாய் வந்தது, மேட்டுத்தெருவைத் தவிர. மேட்டில் தண்ணீர் ஏறாதாம். கல்யாணமான மறுநாள் இடுப்பில் ஏறிய குடம், ஐம்பது வயது தாண்டியும் இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துவிட்டு வந்து, தண்ணீர் பிடிக்கக் கீழ்த்தெருவின் பெரிய தொட்டிக்கு நடையாய் நடப்பாள். புருசன் செபமாலைக்கு ஜெகதாப்பட்டினம் ஐஸ் கம்பெனியில் வேலை. வாரத்தில் ஒருநாள் வந்து, ஊற்றி ஊற்றிக் குளித்துவிட்டுப் போகிற மனிதருக்குக் குடத்தின் கனம் எங்கே தெரியப் போகிறது?

கடைசியில் புது மோட்டாரும் பைப்பும் போட உத்தரவு வந்தது. ஜேசிபி தெருவுக்குள் நுழைந்த அன்று, வந்த ஆட்களுக்கெல்லாம் தன் கையால் கேசரி கிண்டிக் கொடுத்தாள் மேரி.

பாதித் தெரு தோண்டியிருப்பார்கள். அவளோடு தண்ணீருக்கு வரும் இருளாயி வீட்டு வாசலுக்கு எதிரே இயந்திரம் நங்கென்று எதிலோ முட்டியது. மண்ணை ஒதுக்கினால், நம் செங்கலைப்போல இரண்டு மடங்கு பெரிய செங்கற்கள். வரிசை வரிசையாகச் சுவர்.

"அக்கா, இது ரொம்பப் பழசு போலத் தெரியுது" என்றான் வேலையைக் கவனிக்கும் வசந்தகுமார். "ஆபீஸ்ல தெரிஞ்சா வேலைய நிப்பாட்டிருவாங்க. பெறகு பைப் எப்ப வரும்னு எனக்கே தெரியாது."

"யாரு போயி சொல்லப் போறா? ஒடைச்சுட்டுப் போடுங்க தம்பி" என்றாள் மேரி. தெருவே தலையாட்டியது.

சாப்பிட்டு வந்து உடைப்பதாகச் சொல்லிவிட்டு ஆட்கள் போனார்கள். மேரிக்கு ஓர் ஆசை. எப்படியும் உடையப் போகிற செங்கல்; நாலு எடுத்துப் போட்டால் கொல்லையில் துணி துவைக்க ஆகும். குழிக்குள் இறங்கினாள். கையால் மண்ணைத் தள்ளத் தள்ள ஒரு வாசற்படி தெரிந்தது. அதைத் தாண்டி வழவழவென்று செங்கல் பாவிய தரை. உள்ளே கால் வைத்தவள், சுடாமல் குளுகுளுவென்று இருக்கிறதே என்று குனிந்து பார்த்தாள். காலில் செருப்பு இல்லை. படிக்கு வெளியே கிடந்தது. எப்போது கழற்றினாள் என்று அவளுக்கே தெரியாது.

இவ்வளவு நேரம் செங்கலாகத் தெரிந்தது, இப்போது யாரோ ஒருத்தியின் வீடாக இருந்தது. கேட்காமல் உள்ளே வந்துவிட்டதுபோல் கூசிப்போய் நின்றாள். மூலையில் ஓர் அடுப்பு. தொட்டாள், விரலில் கரி ஒட்டியது. அடுப்புக் கரியோடு பிழைப்பு நடத்துகிறவளுக்கு அது போதாதா? இங்கே நின்று ஒருத்தி சோறு பொங்கியிருக்கிறாள். பாவம், அவளும் என்னைப்போலத்தான் தண்ணீர் சுமந்து செத்திருப்பாள் என்று நினைத்தபோது மேரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

வசந்தகுமார் திரும்பி வந்தபோது அவள் குழிக்குள்ளேயே நின்றாள்.

"மேல வாங்கக்கா, வண்டிய எடுக்கணும்."

"வேணாம் தம்பி. இது வீடு."

அங்கேயே நின்று கிராம நிர்வாக அலுவலருக்குப் போன் போட்டாள். வேலை நின்றது. பைப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

தெரு சும்மா இருக்குமா? "ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? செத்தவ வீட்டுக்காக இருக்கவ வாயில மண்ணள்ளிப் போட்டுட்டியேடி!" என்று இருளாயி கத்தினாள். அதோடு மேரியிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள். மற்றவர்களும் தொட்டியடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் கோபத்தில் தப்பில்லை என்பதுதான் மேரியை அறுத்தது. செய்தது சரிதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

தொல்லியல் துறையிலிருந்து வனிதா என்ற அதிகாரி வந்து, தூரிகையும் கொத்துக்கரண்டியுமாகத் தோண்டினார். ஒருநாள் உடைந்த ஜாடியின் கைப்பிடியைக் காட்டி, அது கப்பலேறி ரோமாபுரியிலிருந்து வந்த ஜாடி என்றார்.

"எங்க பைபிள்ல வருதே, அந்த ரோமாபுரியாங்க?"

"அதேதாம்மா. வீட்டுக்கு ரெண்டாயிரம் வருசம் ஆகியிருக்கும். இப்படி வீடு மேல வீடு இடிஞ்சு விழுந்துதான் ஒங்க தெருவே மேடாயிருக்கு."

மேரி சிலுவை போட்டுக்கொண்டாள். ஆண்டவர் நடமாடிய காலத்தில் எரிந்த அடுப்பையா தொட்டோம்!

அடுப்புக்குப் பின்னால் தோண்டியபோது, வட்ட வட்டமாகச் சுட்ட மண் உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கின. கிணறு. சேதி பரவி, தண்ணீருக்குக் கிளம்பிய பெண்கள் குடத்தோடு வந்து குழியைச் சுற்றி நின்றார்கள். அடுப்படியிலிருந்து கையெட்டும் தூரத்தில் கிணறு! அந்த வீட்டுக்காரி தண்ணீர் சுமக்கவே இல்லை.

இருளாயி குடத்தை இறக்கி வைத்தாள். பிறகு வனிதாவிடம் கேட்டாள்: "ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி இந்த மேட்டுல வீட்டுக்குள்ளயே தண்ணி இருந்திருக்கு. எங்களுக்கு மட்டும் ஏறாதுன்னா எப்படிங்க?"

"அது எங்க துறை வேலை இல்லியேம்மா" என்றார் வனிதா.

"நீங்க என்ன செய்வீங்க, பாவம். கேக்க வேண்டிய எடத்துல கேட்டுக்குறோம்" என்ற இருளாயி, கோபம் தொடங்கிய நாளுக்குப் பிறகு முதல்முறையாக மேரி பக்கம் திரும்பினாள். "நல்ல வேளை, ஒடைக்க விடாம நின்னடி. நாளைக்குக் கலெக்டர் ஆபீஸுக்குப் போறோம். நீதான் முன்னாடி வரணும்."