நான் ‘கழிவு’ என்று எழுதிய அடுப்பு

ஜெயபுரத்திலிருந்து பால் கொண்டுவருபவர் சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார்: “பிலோமினா அக்கா போயிட்டா. நேற்றுப் பின்னேரம் அடக்கம் முடிஞ்சுது. உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?” செய்தி சேகரிப்பதே என் தொழில். இந்தச் செய்தி எனக்கு ஒரு நாள் பிந்தி வந்தது.

அக்கா முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். கால்நடை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். போரில் இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரம் வந்ததும் பாடசாலை வளவில் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கஞ்சி காய்ச்சும் குசினியைப் பொறுப்பெடுத்தார். விறகுப் புகை பட்டால் அவருக்கு முட்டு வந்துவிடும், மூச்சுவிட முடியாது. மண்ணெண்ணெயோ அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையால் வருவதில்லை. எனவே குழி வெட்டி, சாணத்தைக் கரைத்து ஊற்றி, அதன்மேல் தார்ப் பீப்பா ஒன்றைக் கவிழ்த்து மிதக்கவிட்டார். பீப்பாவுக்குள் சேர்ந்த வாயு குழாய் வழியே அடுப்புக்கு வந்தது.

நான் பார்க்கப் போன அன்று, “நிருபர், மூக்கைப் பொத்தாதேங்கோ. மணந்தால்தான் பிழை, எங்கேயோ வாயு கசியுதெண்டு அர்த்தம்” என்றார். தீக்குச்சியைக் காட்டியதும் நீலமாக எரிந்தது. “மாடு புல்லுத் தின்ன ஒருத்தரும் தடை போடேல்லை. அதுவரைக்கும் எங்கட அடுப்பு எரியும்.” உள்ளே என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். என் குறிப்புப் புத்தகத்தை வாங்கி, பீப்பாவை வரைந்து, கீழே எழுதித் தந்தார்: சாணி, தண்ணி.

அதை அப்படியே எழுதியிருக்கலாம். மேசையில் இருந்தபோது ‘சாணி’ எனக்குப் பட்டிக்காட்டுச் சொல்லாகத் தெரிந்தது. விஞ்ஞானச் செய்திக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று ‘கழிவுப் பொருட்கள்’ என்று மாற்றினேன். ‘கழிவில் எரியும் கஞ்சி அடுப்பு’ என்று தலைப்பையும் நானே போட்டேன். அந்தப் பாடசாலை வளவில் மலசலகூடங்களும் இருந்தன என்பது எனக்கு நினைவில் வரவில்லை.

பத்திரிகை வெளிவந்து நாலாம் நாள் போனேன். கிடாரத்தில் கஞ்சி நிறைய இருந்தது. வரிசையில் நின்றவர்களின் பாத்திரங்கள் வெறுமையாக இருந்தன. ஒருவரும் நீட்டவில்லை.

கைப்பிள்ளையோடு நின்ற ஒரு தாய் சொன்னாள்: “அக்கா, கோவிக்காதேங்கோ. கக்கூஸ் குழியில இருந்துதான் வாயு வருதாம். பேப்பரிலயே போட்டிருக்கு.”

“எங்க போட்டிருக்கு?”

“கழிவெண்டு போட்டிருக்கு. கழிவெண்டா வேறென்ன அக்கா?”

சாணத்தால் வீடு மெழுகும் சனம் அது. சாணம் என்று எழுதியிருந்தால் ஒருவரும் முகம் சுளித்திருக்கமாட்டார்கள். அக்கா ஒரு கோப்பை கஞ்சியை எல்லோருக்கும் முன்னால் குடித்துக் காட்டினார். “அவா கடற்கரையாள், அவாவுக்கு எல்லாம் ஒண்டுதான்” என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, சிலர் சிரித்தார்கள்.

அக்கா என்னைப் பார்த்தார். “எழுதின ஆள் நிக்கிறார். நீங்களே சொல்லுங்கோ நிருபர்.”

‘சாணம்தான், பிழை என்னுடையது’ என்றால் முடிந்திருக்கும். நான் சொன்னது இதுதான்: “தலைப்பு ஆசிரியர் பீடம் போட்டது. திருத்தம் போடச் சொல்லுறன்.”

சனம் கலைந்து போனது. அடுத்த வாரமே குசினி விறகுக்குத் திரும்பியது. கஞ்சி பழையபடி மிச்சமில்லாமல் முடிந்தது. அக்கா வாயைச் சீலைத் தலைப்பால் கட்டிக்கொண்டு புகைக்குள் நின்று கிண்டினார்.

திருத்தம் வரவில்லை. கடதாசித் தட்டுப்பாடு என்றேன், அது உண்மை. ஆனால் திருத்தத்தை நான் எழுதிக் கொடுக்கவேயில்லை. பிறகு துணுக்காய்ச் சந்தையில் காணும்போதெல்லாம் “என்ன நிருபர், திருத்தம் அச்சிலயோ?” என்று பகிடியாகக் கேட்பார். ஒருமுறை மட்டும் பகிடி இல்லாமல் சொன்னார்: “மழைக்கும் அணையாத அடுப்பு, உங்கட ஒரு சொல்லுக்கு நூந்துபோச்சு.” அதன்பின் கேட்பதை விட்டுவிட்டார். அவர் கேட்காமல் விட்டது எனக்கு ஆறுதலாக இருந்ததை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

முட்டு வருத்தத்தில்தான் போனார் என்று பால்காரர் சொன்னார். அதற்கும் அந்தப் புகைக்கும் தொடர்பு உண்டென்றோ இல்லையென்றோ நான் எழுதமாட்டேன்; எனக்குத் தெரியாது.

இதை வாசிக்கும், அவரை அறிந்த உங்களுக்கு நான் காட்டக்கூடியது அந்தக் குறிப்புப் புத்தகம் ஒன்றுதான். அவர் வரைந்த பீப்பாவும் கீழே இரண்டு சொற்களும் அதில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து எழுதுகிறேன்.

திருத்தம்: ஸ்கந்தபுரம் கஞ்சிக் குசினியின் அடுப்பு மாட்டுச் சாணியிலும் தண்ணியிலும் எரிந்தது. தலைப்பைப் போட்டவன் நான்.